அகராதி கண்ட ஆலைச் சிறுவர்: ஜோஸப் ரைட் சரித்திரம்

கல்வியிற் பெரியோர் சரித்திரங்களைப் படித்துப் பழகிய நம் சங்கத்து அன்பர்கள், அவருட் பெரும்பாலார் ஐந்தாம் வயதில் ஏடு தொடங்கிப் பத்தாம் வயதிற் கவி பாடியவர் என்றே அறிந்திருப்பர். ஈண்டு யாம் எழுதப் புகுந்த சரித்திரத்திற்கு உரியவரோ, 15ஆம் வயதளவும் ஒரு செய்தித்தாளைக் கையிலெடுத்துப் படிக்க அறியாதவர். ஆயினும், ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் மொழியொப்பியற் பேராசிரியராக 24 ஆண்டு வீற்றிருந்தவர். ஆங்கில நாட்டு வட்டாரச் சொற்களையெல்லாம் ஆறு பெருந்தொகுதிகளாகத் தொகுத்து வைத்தவர். அவர் பெயர் ஜோஸப் ரைட். தறியும் நூலுமே வாழ்வாகக் கொண்ட மரபினராகிய நமக்கு, நெசவாளர் மகனாய்ப் பிறந்து நூலாலையில் வளர்ந்த இவர் சரித்திரம் முற்றும் அயலார் சரித்திரமாகத் தோன்றாது.

இவர் 1855ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 31ஆம் நாள், இங்கிலாந்து தேசத்தின் வடபாலதாகிய யார்க்‌ஷயர் நாட்டில், பிராட்போர்டு நகருக்கு அணித்தாயுள்ள ஐடில் என்னும் ஊர்ப்புறத்திலே பிறந்தார். தந்தையார் பெயர் டப்டன் ரைட். கம்பளி நெசவும் கல்லெடுக்கும் தொழிலும் அவர்க்கு ஜீவனம். தாயார் பெயர் சாரா ஆன். விக்டோரியா மகாராணியார் ஆட்சி செலுத்திய அந்நாளில், பிராட்போர்டும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும் ஆட்டுமயிர்த் துணிகளுக்கு உலகெங்கும் பெயர் பெற்றிருந்தன. செல்வம் ஆலையுடையார்பாற் குவிந்தது. ஆலைத் தொழிலாளர் குடில்களை விட்டு வறுமை நீங்கவில்லை. ரைட்டின் குடும்பமோ அவ் வறியோருள்ளும் வறியது. ஒரு காலத்தில் ஏழையர் சாலையிற் புகுந்து உயிர்வாழவும் நேர்ந்தது. ஏழையர் சாலை என்றவுடன் நம் நாட்டுச் சத்திரம் போன்ற தருமநிலையம் என்று கருதற்க. உண்ண வழியற்றாரை ஓரிடத்திருத்தி, கணவனை வேறு மனைவியை வேறு பிரித்து, வேலை வாங்கிக்கொண்டு உணவு கொடுக்கும் இடம் அது. அதனுட் புகுதலினும் பட்டினி கிடத்தல் நன்றென்று எண்ணிய ஏழைகள் பலர். தந்தையார் பிள்ளைகள் சிறியராயிருக்கும்போதே இறந்தொழிந்தமையின், சுமை முழுவதும் அம்மையார் தலையிலும் அச் சிறுவர் தலையிலும் விழுந்தது.

ஜோஸப்புக்கு ஆறு வயது நடக்கும்போதே கூலி வேலை தொடங்கிவிட்டது. கல்லெடுக்குங் குழியில் வேலை செய்வோருடைய உளிகளும் பிற கருவிகளும் நாள்தோறும் முனை மழுங்கும். அவற்றை ஒரு கழுதைவண்டியிலேற்றிக் கொல்லனுலைக்குக் கொண்டுபோய், தீட்டுவித்துத் திரும்பக் கொண்டுவருதலே அவர்க்குக் கிடைத்த வேலை. நம் பிள்ளைகள் அரிச்சுவடி கையிலேந்தும் வயதில் இவர் கழுதையின் கயிற்றைக் கையிற் பிடித்தார்.

அதன்பின் ஏழு வயதளவில், சர் டைட்டஸ் ஸால்ட் என்பாருடைய ஆலையிற் சேர்ந்தார். இந்த ஸால்ட் என்பவர் அல்பாகா என்னும் தென்னமெரிக்க விலங்கின் மயிரை நூற்றுப் பெரும்பொருள் ஈட்டியவர். 1853இல் ஏர் நதிக்கரையில் மாபெரும் ஆலையொன்றை எடுத்து, அதனைச் சூழத் தொழிலாளர்க்கு வீடுகளும், தேவாலயமும், குளிக்கும் இடங்களும், மருத்துவச்சாலையும், முதியோர் இல்லங்களும் கட்டி, ஸால்ட்டேர் எனத் தம் பெயரால் ஓர் ஊரே அமைத்தார். அவ்வூரிற் கள்ளுக்கடை இல்லை. அந்நாளைய முதலாளிகளுள் இவரை நல்லவர் என்றே எழுதுவர், யாமும் மறுக்கின்றிலேம். ஆயினும், அந்த நல்லவருடைய ஆலையிலும் நூற்கும் பொறிகளினிடையே நின்றவர் சிறுபிள்ளைகளே என்பதை மறத்தற்கில்லை. சட்டம் ஆலை வேலைக்கு விதித்த வயது எட்டு. ரைட் அவ்வயது நிரம்புமுன்பே அங்கு நின்றார். பொறிகளிற் பாபின் என்னும் நூற்கட்டைகள் நூல் நிரம்பியவுடன் அவற்றை விரைந்து கழற்றி, வெறுங்கட்டைகளை மாட்டுதல் அவர் தொழில். பொறி நிற்கும் சிறுபொழுதிற்குள் அவ்வளவும் முடிதல் வேண்டும். பெரியோர் கைகளினும் சிறுவர் கைகள் அதற்கு ஏற்றவை என்று ஆலையார் கண்டனர்.

இவ்விடத்து அக்காலச் சட்டத்தைச் சிறிது விளக்குதல் வேண்டும். அஃதின்றி இவர் ஏன் எழுத்தறிந்தும் படிப்பறியாதிருந்தார் என்பது விளங்காது. 1833ஆம் ஆண்டுச் சட்டம், நெசவுத் தொழிற்சாலைகளில் ஒன்பது வயதிற்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைத்தலாகாது என விலக்கிற்று. 1844ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வயதை எட்டாகக் குறைத்துவிட்டு, அதற்கு ஈடாக அரைநாள் வேலை அரைநாட் பள்ளி என்னும் முறையைக் கொணர்ந்தது. எட்டு முதல் பதின்மூன்று வயதளவும் உள்ள பிள்ளை நாளொன்றுக்கு 6½ மணி நேரம் ஆலையில் நிற்கலாம். 3 மணி நேரம் பள்ளியில் இருத்தல் வேண்டும். ஏட்டளவில் இது நல்ல ஏற்பாடாகவே தோன்றும். பள்ளிக்கூடத்தில் நாள்தோறும் நிற்பவர்க்குத்தான் இதன் உண்மை புலப்படும். விடியுமுன் எழுந்து, பொறிகளின் இரைச்சலிடையே காலைப்பொழுதெல்லாம் ஓடியாடி நின்ற பிள்ளை, நண்பகலுக்குப் பின் பலகையில் வந்தமர்ந்தால் அதன் கண் எழுத்தை நோக்குமோ? தூங்கும். அரைநாட் பிள்ளைகள் பாடவேளையில் உறங்கிவிழுதலை அந்நாட்டு ஆசிரியரும் மேற்பார்வையாளரும் பலகாலும் எடுத்துக் காட்டியிருக்கின்றனர். அவ்வாறிருந்தும், இம்முறை 1918ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வந்து விலக்கும் வரை ஒழியவில்லை.

ரைட் ஆலைப் பள்ளியிற் கற்றது எழுத்துக்களின் பெயரும் சிறிது எண்ணுமே. எழுத்துக்கூட்டல் வேறு, படித்தல் வேறு. ஒவ்வோர் எழுத்தாகத் தடவித் தடவிச் சொல்லின் இறுதியை அடையும்போது அதன் முதல் மறந்துபோகும் நிலையிலுள்ள பிள்ளையைக் கற்றவன் என்று கணக்கேட்டிற் பதிவு செய்துவிடலாம். அப்பிள்ளைக்கு நூல் என்பது மூடிய கதவாகவே நிற்கும். அந்நாட்டார் எழுத்தறிவை அளந்த முறையும் இத்தகையதே. திருமணப் பதிவேட்டிற் கையெழுத்திட்டவர் எத்துணையர், கைந்நாட்டாகக் கீறலிட்டவர் எத்துணையர் என எண்ணினர். 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் மணமகன்மாரில் ஏறத்தாழ மூவருள் ஒருவரும், மணமகள்மாரில் ஏறத்தாழ இருவருள் ஒருவரும் கீறலே இட்டனர். நூற்றாண்டு முடியும்போது அத்தொகை நூற்றுக்கு மூவரளவாகக் குறைந்தது. பெரிய மாறுதலே, ஐயமில்லை. எனினும் கையெழுத்திடத் தெரிந்தவரெல்லாம் படிப்பவர் அல்லர். படிக்கத் தெரிந்தும் எழுத அறியாதார் பலராவர். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிகள் பலவற்றில், ஓய்வுநாளில் எழுதுதல் ஆகாதென்று கருதிப் படிப்பை மட்டுமே சொல்லிக் கொடுத்தமை இதற்கொரு காரணம்.

ஸால்ட் தம் ஊரில் அழகிய புதிய பள்ளிக் கட்டடம் எழுப்பியது 1868ஆம் ஆண்டில். அவ்வாண்டில் ரைட்டுக்கு வயது பதின்மூன்று நிரம்பிற்று. அரைநாட் பள்ளியும் அதனோடு முடிந்தது. பின்னர் வேறோர் ஆலையிற் கம்பளிமயிரைத் தரம் பிரிக்குந் தொழிலைக் கற்றுத் தேர்ந்து, நாளடைவில் வாரத்திற்கு ஒரு பவுன் கூலி பெறலானார். ஓர் ஆட்டின் மயிரெல்லாம் ஒரு தன்மையதன்று. தோளின் மயிர் வேறு, தொடையின் மயிர் வேறு. விரலாற் தொட்டும் கண்ணாற் கண்டும் மென்மை, நீளம், வலிமை மூன்றையும் ஓர்ந்து பிரிப்பவனே இத்தொழிலிற் தேர்ந்தவன். பிற்காலத்தில் இவர் சொற்களை எடுத்து ஊரூராக, பொருள் பொருளாகப் பிரித்தடுக்கிய திறத்தை நோக்குமிடத்து, இத்தொழிற்பயிற்சி வீணாகவில்லை என்றே எமக்குத் தோன்றுகின்றது. இதிலும் அபாயம் இல்லாமலில்லை. அயல்நாட்டு மயிர்ப் பொதிகளில் வந்த அடைப்பான் நோய், பிராட்போர்டுத் தொழிலாளர் பலரை ஓரிரு நாளிற் கொன்றது. மயிர் பிரிப்போர் நோய் என்றே அதற்கு அங்கே பெயர்.

1870ஆம் ஆண்டு ஜூலையில் பிரான்ஸுக்கும் பிரஷியாவுக்கும் போர் மூண்டது. ஆலையில் உணவு வேளையில் தொழிலாளருள் படிக்கத் தெரிந்தவன் ஒருவன் செய்தித்தாளை விரித்துப் போர்ச் செய்திகளை உரக்கப் படிப்பான். ஏனையோர் சூழ்ந்திருந்து கேட்பர். ஏழைத் தொழிலாளர் கைக்குச் செய்தித்தாள் எட்டியதும் அண்மைக் காலத்தே. பத்திரிகைகளின் மீதிருந்த முத்திரை வரி நீங்கியது ரைட் பிறந்த அதே 1855இலும், காகித வரி நீங்கியது 1861இலும் ஆகும். பிறர் வாயை எதிர்பார்த்துச் செய்தி அறிய வேண்டியிருந்த நிலை பதினைந்து வயது இளைஞருக்கு நாணத்தை விளைத்தது. தாமே படித்தறிதல் வேண்டும் என உறுதி கொண்டார்.

ஆசிரியர் இல்லை, பொழுதும் இல்லை. பகல் முழுவதும் ஆலை. கையிற் கிடைத்தவை இரண்டு நூல்கள்: ஒன்று விவிலியம்; மற்றொன்று ஜான் பனியன் இயற்றியதும், நம் நாட்டில் மோட்சப் பிரயாணம் என வழங்குவதுமாகிய நூல். இவ்விரண்டையும் வைத்துக்கொண்டே படிக்கப் பழகினார். இவை அமைந்தது நல்லூழ் என்க. விவிலிய வாசகங்கள் அந்நாட்டு மக்கள் செவிக்குச் சிறுவயது முதலே பழகியவை. செவியறிந்த வாசகத்தைக் கண் பின்பற்றிச் செல்லுதல், அறியாத வாசகத்தை எழுத்துக்கூட்டி அறிதலினும் எளிது. நம் திண்ணைப்பள்ளிப் பிள்ளைகள் வாய்ப்பாடமாக அறிந்த செய்யுளை ஏட்டிற் கண்டு எழுத்தறிந்த முறையும் இதுவே.

அவ்வாண்டு ஆகஸ்டில் ஆங்கிலப் பார்லிமெண்ட்டில் ஆரம்பக் கல்விச் சட்டம் நிறைவேறிற்று என்பது ஈண்டு நினைக்கற்பாலது. நாடெங்கும் பள்ளியில்லா இடங்களிற் பள்ளிகள் அமைக்க வழிசெய்த அச்சட்டத்தைக் கொணர்ந்த வில்லியம் போர்ஸ்டர் என்பார் பிராட்போர்டின் பிரதிநிதி. அவரும் கம்பளி ஆலையுடையவர். அவர் தொகுதிக்கு அருகிலேயே கம்பளி பிரித்துக்கொண்டிருந்த ஜோஸப் ரைட்டுக்கு அச்சட்டத்தாற் பயன் ஒன்றும் இல்லை. பள்ளிக்குரிய வயது அவர்க்குக் கடந்துவிட்டது. பிள்ளைகள் பள்ளிக்கு வந்தே தீரல் வேண்டும் என்ற கட்டாயம் நாடு முழுமைக்கும் வந்தது 1880இல்; அதுவும் பத்து வயது வரைக்குமே.

படிக்கத் தொடங்கியபின் இவர் நிற்கவில்லை. காஸெல் என்பார் தொழிலாளர்க்கென்றே பகுதி பகுதியாக மலிவு விலையில் வெளியிட்ட கல்விமாலையை வாங்கிக் கற்றார். இராப் பாடசாலையிற் சேர்ந்து பிரெஞ்சு, ஜெர்மன், லத்தீன் மொழிகளும் கணிதமும் சுருக்கெழுத்தும் பயின்றார். 18ஆம் வயதில் தாமே ஓர் இராப் பாடசாலை வைத்து, உடன் வேலை செய்வோர்க்கு வாரம் இரண்டு பென்னி பெற்றுக்கொண்டு கற்பித்தார். மூன்றாண்டுக்கு முன் எழுத்துக்கூட்டத் தடுமாறியவர் ஆசிரியராயினமை கண்டு வியப்போர் வியக்க. தாம் இடறிய கல்லை அண்மையிற் கண்டவரே பிறர்க்கு அக்கல்லைக் காட்ட வல்லவர் என்பது எம் அனுபவம்.

1876இல் நாற்பது பவுன் சேர்ந்தது. வாரம் ஒரு பவுன் கூலியில் தாய்க்கும் கொடுத்து இவ்வளவு மிச்சம் பிடித்தவர் வாழ்ந்த முறையை வாசகர்களே உய்த்துணர்க. அதனைக் கொண்டு ஜெர்மனி தேசத்து ஹைடல்பர்க் சர்வகலாசாலையில் ஒரு பருவம் பயிலப் புறப்பட்டார். ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறங்கி, வண்டிக் கட்டணம் கொடுக்க மனமின்றி, 250 மைலுக்கு மேற்பட்ட தொலைவை நடந்தே கடந்தார். பணம் தீர்ந்தபின் ஊர் திரும்பிப் பள்ளியாசிரியராக வேலை பார்த்துக்கொண்டே மேற்கல்வி கற்றார். மீண்டும் ஹைடல்பர்க் சென்று, ஓஸ்டாப் என்னும் மொழிநூற் பேராசிரியரிடம் பயின்று, கிரேக்க மொழி உயிரெழுத்துக்களின் மாறுபாடுபற்றி ஆராய்ந்தெழுதி 1885இல் டாக்டர் பட்டம் பெற்றார். புரூக்மான் இயற்றிய பெரிய ஒப்பிலக்கணத்தின் முதற்பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1888இல் வெளியிட்டார்.

அவ்வாண்டே இவரை ஆக்ஸ்போர்டிற்கு அழைத்தவர் மாக்ஸ் முல்லர். ரிக்வேதத்தைப் பதிப்பித்த அப்பெரியாரை நம் நாட்டார் நன்கறிவர். ஆக்ஸ்போர்டில் மொழியொப்பியலுக்கு முதற் பேராசிரியர் அவரே. ரைட் 1891இல் துணைப் பேராசிரியரானார். முல்லர் 1900இல் இறக்க, 1901இல் அவர் பீடத்திற்குத் தாமே உரியவரானார். 1925 வரை அதில் இருந்தார். காதிக் மொழிக்கும், பழைய ஆங்கிலத்திற்கும், பழைய ஜெர்மனுக்கும் இவர் எழுதிய இலக்கணங்களிற் பயின்றோர் எண்ணிறந்தோர். உலகறிந்த கதாசிரியராகிய டோல்கீன் இவர் மாணவருள் ஒருவர்.

இவ்வளவே இவர் சரித்திரமாயின், ஏழைப்பிள்ளை உயர்பதவி பெற்ற கதைகளுள் இதுவும் ஒன்றாய் ஒழியும். இவரை யாம் தெரிந்தெடுத்தது பிறிதொரு காரணம் பற்றி. ஆலையிலும் கற்குழியிலும் இவர் செவியில் விழுந்தது, லண்டன் நகரத்துக் கற்றோர் கொச்சையென்று இகழ்ந்த யார்க்‌ஷயர்ப் பேச்சு. பள்ளிக்கூடங்களில் அப்பேச்சைப் பேசும் பிள்ளைகளைத் திருத்துதலே கல்வியென்று கருதப்பட்ட காலம் அது. பழைய மொழிகளைக் கற்கக் கற்க, ரைட் ஓர் உண்மையைக் கண்டார். தம் தாயும் தம்மோடு வேலை செய்தாரும் வழங்கிய சொற்கள் பிழைபட்ட ஆங்கிலமல்ல. நூலோர் கைவிட்டுவிட்ட பழஞ்சொற்களே அவை. ஒரு சான்று கூறுவாம். லேக் என்பது அந்நாட்டுத் தொழிலாளர் சொல். விளையாடுதல் என்பது அதன் பொருள். ஆலையில் வேலையின்றிச் சும்மா இருத்தலையும் அச்சொல்லாலேயே சொல்வர். ஏட்டாங்கிலத்தில் அச்சொல் இல்லை. பழைய வடநாட்டு மொழியிலோ விளையாடுதற்கு லெய்கா என்று பெயர்; காதிக் மொழியிற் களித்துத் துள்ளுதற்கு லைக்கன் என்று பெயர். ஆயிரமாண்டுக்கு முன் கடல் கடந்து வந்து குடியேறினாரோடு வந்த சொல், அரசவையிலும் அச்சகத்திலும் இடம் பெறாது, ஆலைப்பிள்ளைகளின் வாயிற் பிழைத்திருந்தது. குழந்தையைக் குறிக்கும் பேர்ன் என்னும் சொல்லும் இத்தன்மையதே. திசைச்சொல்லையும் செய்யுட்குரிய சொல்லென வகுத்த இலக்கணத்தைப் பயின்ற நமக்கு இதன் அருமை எளிதில் விளங்கும்.

தம் இளமை கழிந்த விண்ட்ஹில் என்னும் சிற்றூரின் பேச்சுக்கு முதலில் ஓர் இலக்கணம் எழுதி 1892இல் வெளியிட்டார். பின்பு, கேம்பிரிட்ஜ்ப் பேராசிரியர் ஸ்கீட் முதலானோர் 1873இல் நிறுவிய வட்டாரமொழிச் சங்கத்தார் தொகுத்து வைத்திருந்த சொற்குறிப்புக்களையெல்லாம் ஏற்றுப் பேரகராதி செய்யும் பொறுப்பு இவரைச் சார்ந்தது. குறிப்புத்தாள்களின் நிறை மட்டும் ஏறத்தாழ ஒரு டன். நூற்றுக்கணக்கான அன்பர்கள் ஊதியமின்றி மேலும் சொற்களைத் திரட்டி அனுப்பினர். இத்தகைய நூலிற் பொருள் முடக்க அச்சகத்தார் முன்வராமையின், ரைட் தம் சொந்தப் பொறுப்பிலேயே, முன்பணம் செலுத்துவோரைத் தேடித் தேடி அச்சிட்டார். அகராதி ஆறு தொகுதிகளாக 1898 முதல் 1905 வரை வெளிவந்து முற்றிற்று. இருநூறு ஆண்டுகளுக்குட்பட்ட வழக்கு; ஏறத்தாழ 70,000 சொற்கள்; 4,000த்துக்கு மேற்பட்ட பக்கங்கள். எந்தச் சொல் எந்த நாட்டுப்புறத்தில் வழங்குவது, அங்கு எவ்வாறு ஒலிப்பது, என்ன பொருளது என்பன ஒவ்வொன்றும் அதிற் காணலாம். இறுதித் தொகுதியில் வட்டார மொழிகளின் இலக்கணமும் சேர்ந்துள்ளது.

இப்பணியிற் பேருதவியாய் நின்றவர் மனைவியார் எலிசபெத் மேரி அம்மையார். முதலில் இவரிடம் மாணவியாயிருந்து, 1896இல் இவரை மணந்தவர். தாமும் நாட்டுப்புறப் பேச்சையும் வழக்கங்களையும்பற்றி 1913இல் ஒரு நூல் எழுதினார். இருவர்க்கும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் பிறந்து, இரண்டும் இளமையிலேயே இறந்தன. அத்துயரைப்பற்றி விரித்தெழுத எமக்கு விருப்பமில்லை.

தாயாரை ரைட் மறந்தாரல்லர். ஒருமுறை சாரா அம்மையார் ஆக்ஸ்போர்டிற்கு வந்தபோது, ஆல் ஸோல்ஸ் கல்லூரியின் பழமையான பெருமாளிகையைக் காட்டினராம். அம்மையார் அதனை நன்கு நோக்கிவிட்டு, இது நல்லதொரு கூட்டுறவுக் கடைக்குத் தகும் என்றனர் என்பர். இதனைக் கேட்டு நகுவோர் உளர். 1844இல் ராச்டேல் நகரத்து நெசவாளர் முதலானோர் கூடித் தொடங்கிய கூட்டுறவுக் கடைகள், வடநாட்டு ஏழைகளுக்குக் கலப்படமற்ற மாவும் சர்க்கரையும் நேரிய நிறையில் கிடைக்கச் செய்தவை. வாழ்நாளெல்லாம் ரொட்டிக்குக் கணக்குப் பார்த்த தாய்க்கு அதனினும் உயர்ந்த கட்டடம் எது?

பெரும்பதவி பெற்ற பின்னும் ரைட் யார்க்‌ஷயர்ப் பேச்சை விட்டாரில்லை. 1925இல் பிரிட்டிஷ் அக்காடமி என்னும் புலவர் கழகம், ஆங்கில மொழியாராய்ச்சிக்கெனத் தான் ஏற்படுத்திய பரிசை முதன்முதலில் இவர்க்கே வழங்கிற்று. 1930ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள், தம் 74ஆம் வயதில், ஆக்ஸ்போர்டில் காலஞ்சென்றார். மனைவியார் இவர் சரித்திரத்தை இரண்டு தொகுதிகளாக எழுதி 1932இல் வெளியிட்டார். இவரது அகராதியை ஆஸ்திரியா தேசத்து இன்ஸ்புருக் சர்வகலாசாலையார் கணினியில் ஏற்றி எவரும் தேடிக் காணுமாறு செய்துள்ளனர். லேக் என்னும் சொல்லை அதில் தேடுவோர், விளையாட்டென்னும் பொருளையும், ஆலை வேலையின்றி இருத்தல் என்னும் பொருளையும் ஒருங்கே காண்பர்.